மினி பைபாஸ் முடிந்து எட்டு மாதத்தில் பித்தப்பைக் கல்: எடுப்பதா, காத்திருப்பதா?

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு 42 வயது. எட்டு மாதம் முன்பு எடை குறைக்க மினி பைபாஸ் என்ற இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டு, 112 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்திருக்கிறார். இப்போது மூன்று முறை ராத்திரி நேரத்தில் மேல்வயிற்றில் கடுமையான வலி. ஸ்கேனில் பித்தப்பைக்குள் நிறையச் சின்னக் கற்கள், பெரியதே 6 மில்லிமீட்டர்தான். சர்ஜன் பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார். தஞ்சாவூரில் அம்மா "இப்பதானே வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க, அதுக்குள்ள இன்னொண்ணா" என்று பயப்படுகிறார். மாத்திரையில் கரையாதா, முதல் ஆபரேஷனிலேயே ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

எடுத்துவிடுங்கள். அதுவும் சில வாரங்களுக்குள், வலி இல்லாத ஒரு நாளில், திட்டம் போட்டு. நான் டாக்டர் இல்லை. டெல்லியில் பேரியாட்ரிக் எனப்படும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு ஒன்றில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அக்காவை நேரில் பார்த்த சர்ஜன் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவர் ஏன் அவசரப்படுத்துகிறார் என்பதை ஓ.பி. நெரிசலில் உட்காரவைத்து விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை, வீட்டில் இருப்பவர்கள் பாதி புரிந்தும் புரியாமலும் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கல் ஏன் வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். உடம்பில் சேர்ந்த கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதிலிருக்கும் கொலஸ்ட்ரால் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் வந்து இறங்குகிறது. பித்த உப்புகளால் ஓரளவு கொலஸ்ட்ராலைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும், அளவு மிஞ்சினால் படிகமாகப் படிய ஆரம்பித்துவிடும். இது பாதிதான். மீதிப் பாதி, பித்தப்பை வேலையில்லாமல் கிடப்பது. கொழுப்புள்ள சாப்பாடு முன்சிறுகுடலைத் தொட்டால்தான் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் நன்றாகச் சுரக்கும், அது சுரந்தால்தான் பித்தப்பை சுருங்கித் தன்னிடம் இருக்கும் பித்தத்தை வெளியே தள்ளும். பைபாஸ் ஆனவர்களுக்குச் சாப்பாடு அந்த இடத்தைத் தொடாமலேயே கீழே போய்விடுகிறது, அதோடு முதல் சில மாதம் சாப்பிடுவதே நாலு ஸ்பூன், அதிலும் எண்ணெய் நெய் கிட்டத்தட்ட இல்லை. கொலஸ்ட்ரால் மிகுந்த பித்தம் அசையாமல் தேங்கி, முதலில் சேறாகி, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஸ்லட்ஜ் என்று எழுதுகிறார்களே அதுதான், அப்புறம் கல்லாகிறது.

வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, மொத்த எடையில் கால்வாசிக்கு மேல் போனாலோ கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அக்கா 36 கிலோ குறைந்திருக்கிறார், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பைபாஸ் ஆனவர்களை ஆறு மாதத்தில் ஸ்கேன் செய்து பார்த்த பழைய அமெரிக்க ஆய்வுகளிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்குக் கல் இருந்தது. ஆகவே அவர் எதையோ தப்பாகச் சாப்பிட்டுவிட்டார், தண்ணீர் குடிக்கவில்லை, ஆபரேஷன் சரியில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எடை நன்றாகக் குறைந்ததோடு சேர்ந்து வரும் விஷயம் இது. 2025-ல் இங்கே வந்த மௌன்ஜாரோ, வெகோவி ஊசிகளில் வேகமாக எடை குறைப்பவர்களுக்கும் பித்தப்பைத் தொந்தரவு வரலாம், அவர்களும் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் முதல் ஆபரேஷனிலேயே எடுத்திருக்கலாமே? வயிற்றைத் திறந்து பைபாஸ் செய்த காலத்தில் நிறைய சர்ஜன்கள் அப்படித்தான் செய்தார்கள். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தபின் அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. பைபாஸுக்குப் போடும் துளைகள் பித்தப்பைக்கு வசதியான இடத்தில் இருக்காது, எடை அதிகமாக இருக்கும்போது கல்லீரல் வீங்கிப் பெரிதாகப் பித்தப்பையை மறைத்துக்கொண்டிருக்கும், மயக்க மருந்தில் இருக்கும் நேரமும் நீளும். இத்தனையும் ஒரு நல்ல பித்தப்பைக்காக. கல் வருபவர்களில் பெரும்பாலோருக்கு வலியே வராமல் போகிறது என்று தெரிந்தபின், ஏற்கனவே கல்லும் வலியும் இருப்பவர்களுக்கு மட்டும் சேர்த்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. அக்காவுக்கு அப்போது ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் விட்டுவைத்தது சரிதான்.

மாத்திரை விஷயத்தில்தான் நிறையக் குழப்பம். உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் என்பது மருந்தின் பெயர், கடையில் உடிலிவ் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பைபாஸ் ஆனவர்களுக்கு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, ஸ்லீவ் (இரைப்பையை மட்டும் ஒடுக்கும் ஆபரேஷன்) ஆனவர்களுக்கு 500 மில்லிகிராம் ஒரு வேளை, முதல் ஆறு மாதம் என்பது அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். நெதர்லாந்தில் தினம் 900 மில்லிகிராம் கொடுத்துச் செய்து 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் பித்தப்பைக் கல்லால் தொந்தரவு வந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேர், மருந்து எடுத்தவர்களில் 6 அல்லது 7 பேர். பலன் இருக்கிறது, முழுப் பாதுகாப்பு இல்லை. அதிலும் பாதிப் பேர் இரண்டாவது மாதமே, "வயிறு சரியாகத்தானே இருக்கு, எதுக்கு இத்தனை மாத்திரை" என்று நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கும். இதைப் படிப்பவர்களில் யாராவது ஆபரேஷன் முடிந்து முதல் ஆறு மாதத்துக்குள் இருந்தால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் கல் வராமல் தடுக்க. வந்த கல்லைக் கரைக்க இதே மருந்தைக் கொடுப்பது உண்டு, கல் சின்னதாக, கால்சியம் படியாததாக இருக்க வேண்டும், பித்தப்பை நன்றாகச் சுருங்க வேண்டும், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சாப்பிட வேண்டும், கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் சுமார் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. அந்த இரண்டு வருடமும் கல் சும்மா இருக்காது. மூன்று முறை வலி வந்தவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கிச் சாறு குடிப்பதும் பயன்படாது. குடித்தது சிறுநீரில் போகும், பித்தப்பைக்குப் போகாது. ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் பச்சை உருண்டையாகக் கல் வெளியேறும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன, அந்த உருண்டை குடித்த எண்ணெயே குடலில் சோப்புபோலத் திரண்டு வருவது. கல் உள்ளே அப்படியே இருக்கும். போதாததற்கு அவ்வளவு எண்ணெய் ஒரே சமயத்தில் உள்ளே போனால் பித்தப்பை பலமாகச் சுருங்கி வலியைக் கிளப்பிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாதாரணமாக ஒருவருக்குப் பித்தப்பையிலிருந்து கல் நழுவிப் பித்தக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பைவிட்டு, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குப் போய், குழாய் திறக்கும் வாயிலிருந்தே கல்லை எடுத்துவிடுவார்கள். இ.ஆர்.சி.பி. என்பார்கள். டெல்லியில் எத்தனையோ மருத்துவமனைகளில் தினமும் நடக்கிறது. ஸ்லீவ் ஆனவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது, இரைப்பை ஒடுங்கியிருக்குமே தவிரப் பாதை மாறவில்லை. உங்கள் அக்காவுக்கு அந்தப் பாதை இல்லை. மினி பைபாஸில் இரைப்பையின் ஒரு பகுதியை நீளமான குழாயாக்கி, சிறுகுடலில் சுமார் 150 முதல் 200 சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் இணைத்திருப்பார்கள். பழைய இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் வாயிலிருந்து போகும் சாதாரண ஸ்கோப் அங்கே எட்டாது. குழாயில் கல் அடைத்தால், லேப்ராஸ்கோப்பியில் பழைய இரைப்பையில் துளையிட்டு அதன்வழியே ஸ்கோப்பை நுழைக்க வேண்டும், அல்லது பலூன் பொருத்திய நீளமான ஸ்கோப்பில் குடலைச் சுற்றி வரவேண்டும், அல்லது குழாயையே அறுவை சிகிச்சையில் திறந்து எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பழகிய குழு எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, அதிலும் ராத்திரி இரண்டு மணிக்கு.

அதோடு அக்காவின் கற்கள் சின்னவை. "சின்னக் கல்தானே" என்று வீட்டில் நிம்மதிப்படுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. பெரிய கல் பித்தப்பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எடை குறைந்தபின் வருகிற கற்களை ஆபரேஷன் முடிந்து ஸ்டீல் டிரேயில் கொட்டிக் காட்டும்போது பார்த்திருக்கிறேன், பல சமயம் மஞ்சளாக, கடுகு மாதிரி, எண்ண முடியாத அளவு இருக்கும். அந்த அளவுக் கல்தான் பித்தப்பையின் ஒடுங்கிய கழுத்து வழியாக நழுவிக் குழாய்க்குள் போகும். அங்கே அடைத்தால் மஞ்சள் காமாலை, கிருமி சேர்ந்தால் குளிர் ஜுரம், கணையக் குழாயின் வாயில் போய்ச் சிக்கினால் கணைய அழற்சி. பைபாஸ் ஆனவருக்கு இதில் எது வந்தாலும் சிகிச்சை மற்றவர்களைவிடச் சிக்கலாகிறது. அதனால்தான் சர்ஜன் அவசரப்படுத்துகிறார்.

வலி உண்மையில் பித்தப்பையிலிருந்துதானா என்பதையும் பார்க்க வேண்டும். பித்தப்பை வலி வந்தவரை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது. படுத்தாலும் தாங்காது, உட்கார்ந்தாலும் தாங்காது, எழுந்து நடப்பார், குனிந்து வலது விலாவுக்குக் கீழே கையால் அழுத்திக்கொள்வார், வலி முதுகுக்கோ வலது தோள்பட்டை எலும்புக்கோ ஏறும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஒரே அளவில் நின்று அப்புறம் விட்டுவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வலி விட்டவுடன் "கேஸ்தான், ஈனோ குடிச்சேன், சரியாப்போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். ஈனோ குடிக்காவிட்டாலும் அது விட்டிருக்கும். கல்யாண சாப்பாட்டுக்கோ சோலே பட்டூராவுக்கோ அப்புறம் ராத்திரியில் வந்தால் பித்தப்பையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் பைபாஸ் ஆன வயிற்றில் வேறு இரண்டு விஷயம் இதே வேஷத்தில் வரும். ஒன்று, இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் வரும் புண். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதிகம். மூன்று முறை வலி வந்தபோதும் அக்கா என்ன மாத்திரை போட்டார் என்று கேளுங்கள். கெமிஸ்ட்டிடம் வயிற்று வலி என்றால் காம்பிஃப்ளாம் கையில் கொடுத்துவிடுவார், அதில் ஐபுப்ரோஃபென் இருக்கிறது, பைபாஸ் ஆனவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தொடக்கூடாது. பாராசிட்டமால் மட்டும்தான், மற்றது டாக்டர் சொன்னால். இன்னொன்று, உள்ளே ஏற்படும் குடல் பிதுக்கம். எடை குறையும்போது குடலைத் தாங்கும் மடிப்புகளில் இருக்கும் கொழுப்பும் குறைந்து இடைவெளி பெரிதாகும், அதில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். மினி பைபாஸில் இது மற்ற பைபாஸைவிடக் குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டது என்பதற்காக வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சாப்பிட்டவுடனே வலி, இடது பக்கம் அல்லது தொப்புளைச் சுற்றி வலி, வாந்தி, வயிறு உப்புசம் இருந்தால் சி.டி. ஸ்கேனும் வேண்டியிருக்கும், புண் சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பி. சர்ஜனிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை நன்றாகக் காட்டும், குழாய்க்குள் இருப்பதை அவ்வளவு நம்பகமாகக் காட்டாது. ஆபரேஷனுக்கு முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்வார்கள், பிலிரூபினோ ஆல்கலைன் பாஸ்ஃபடேஸோ ஏறியிருந்தால், அல்லது குழாய் விரிந்திருந்தால், பித்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. குழாயில் கல் இருப்பது முன்பே தெரிந்தால் ஒரே ஆபரேஷனில் இரண்டையும் முடிக்கத் திட்டம் போடலாம். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, அல்புமின் எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், எட்டாவது மாதத்தில் நிறையப் பேருக்கு அதில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும்.

டெல்லியில் இருப்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தப்பைக் கல் வட இந்தியாவில் தமிழ்நாட்டைவிட அதிகம்; கங்கைச் சமவெளியில், டெல்லி உள்பட, பித்தப்பைப் புற்றுநோயும் அதிகமாகக் காணப்படுகிறது, குறிப்பாகப் பெண்களிடம். அம்மாவுக்குத் தஞ்சாவூரில் இதைப் பற்றி அதிகம் கேள்விப்பட வாய்ப்பில்லை, இங்கே எந்தக் குடியிருப்பில் கேட்டாலும் ஒருவர் பித்தப்பை எடுத்திருப்பார். பயமுறுத்த எழுதவில்லை. சில மாதக் கல் இருக்கும் அக்காவுக்கு அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனால் எடுத்த பித்தப்பை கட்டாயம் பேதாலஜிக்குப் போக வேண்டும். கல்லை நினைவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கேட்பார்கள், கல்லைக் கொண்டுபோகலாம். பை பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஃபைலை மூட வேண்டும்.

ஆபரேஷனைப் பற்றி அம்மாவிடம் சொல்ல: வயிற்றைக் கிழிப்பதில்லை. பைபாஸ் மாதிரியே சின்னத் துளைகள், வழக்கமாக நான்கு. இந்தியாவில் இந்த முறையில் பித்தப்பை எடுப்பது 1990-ல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா ஆரம்பித்தது, முப்பது வருடத்துக்கு மேல் பழகிய கை. பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எடை குறைந்து கல்லீரலும் சுருங்கியிருப்பதால் இப்போது எடுப்பது எட்டு மாதம் முன்பைவிடச் சுலபம். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், பித்தக்குழாயில் காயம்படுவது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நேர்கிறது, வீங்கிச் சீழ் பிடித்த பித்தப்பையை அவசரத்தில் எடுக்கும்போது அது கூடுகிறது. அமைதியான நாளில் எடுக்கச் சொல்வது அதற்காகவும்தான். முடிந்தால் பைபாஸ் செய்த சர்ஜனே செய்யட்டும், இல்லையென்றால் பேரியாட்ரிக் பழகியவர். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போடுவதென்றால் மயக்க மருந்து டாக்டருக்குப் பைபாஸ் விவரம் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தபின் ஒன்றிரண்டு நாள் தோள் வலிக்கும், உள்ளே நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, நடந்தால் போய்விடும்.

பித்தப்பை போனால் ஜீரணம் கெட்டுவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. பித்தத்தைச் செய்வது கல்லீரல், பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. எடுத்தபின் பித்தம் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும், பைபாஸ் ஆனவர்களுக்குச் சற்று அதிகமாகவே. நிற்காமல் போனால் கொலஸ்டிரமின் என்ற பொடி இருக்கிறது, ஆனால் அது வைட்டமின்களையும் உறிஞ்சிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும். எடை குறைவது நின்றுவிடாது, ஏறவும் செய்யாது. புரதம், இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் முன்புபோலத் தொடர வேண்டும்.

காப்பீடு வைத்திருந்தால் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு நிறையப் பாலிசிகளில் உண்டு, புதிதாக எடுத்ததென்றால் இடிக்கும். ஆபீஸ் பாலிசியில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. அக்காவோ அத்தானோ மத்திய அரசு வேலையென்றால் சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டம் வழியாகச் செய்யலாம், முன்கூட்டியே காகிதத்தை முடித்துவிடுங்கள்.

தேதி கிடைக்கும் வரை பட்டினி வேண்டாம், ஏகாதசி, நவராத்திரி விரதம் எல்லாம் இந்த வருடம் விட்டுவிடட்டும். பொரித்தது, பனீர் மக்கனி, பால் இனிப்பு வேண்டாம், ஆனால் கொழுப்பை அடியோடு நிறுத்தினால் பித்தம் இன்னும் தேங்கும், ரசம் சாதத்தில் அரை ஸ்பூன் நெய் இருக்கட்டும், அதற்கே வலித்தால் நிறுத்திவிட்டு சர்ஜனிடம் சொல்லட்டும். வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள், அருகில் இருக்கும் நர்சிங் ஹோமைவிட பேரியாட்ரிக் பிரிவும் குடல் நோய்ப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனையாக இருக்கட்டும். பைபாஸ் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அத்தான் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். டூட்டி டாக்டர் என்ன கேட்டாலும் முதலில் "இவருக்கு மினி பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அப்புறம் வலியைப் பற்றிச் சொல்லுங்கள்.